திரும்பவா சார் நூற்றுக்கு நூறு வாங்கித் தோற்ற கதை

வண்டி ஓட்டும் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தேர்வாளராக இருந்தவர் அவர். பக்கத்து இருக்கையில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவரின் நெற்றியில் வியர்வை முளைப்பதைப் பார்த்துக்கொண்டே வருவார். கண்ணாடியைப் பார்க்காமல் வளைத்தால், "திரும்ப வா." பின்பக்கமாக நிறுத்தும்போது சக்கரம் நடைபாதையைத் தொட்டால், "திரும்ப வா." எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஒருவழியாக முடிந்ததே என்று பெருமூச்சு விட்டவரைக்கூட, "கவனம் சிதறுது, திரும்ப வா" என்று அனுப்பியதாக ஒரு கதை உண்டு. அது கதையில்லை, உண்மைதான் என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஊர் அவருக்குத் 'திரும்பவா சார்' என்று பேர் வைத்தது. அவர் கோபப்படவில்லை. பட்டம் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்த நிமிர்ந்த நெஞ்சுதான் பிற்பாடு அவரைக் குளியலறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது.

இப்போது வயது எழுபத்து மூன்று. கைப்பிடித்தவள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, தெருவைப் பார்த்த ஒரு வாசல். இதற்குள் அவர் ராஜா. என்ன, ராஜாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. இடது கால் அதற்கும் ஒரு படி மேலே போய், சொன்ன பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. வீட்டுக்குள் நடப்பது என்பது ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குத் தாவுவது என்றாகி இரண்டு வருஷம் ஆகிறது. கட்டில் விளிம்பு, அங்கிருந்து அலமாரி, அங்கிருந்து கதவு நிலை, பிறகு நாலடிக்கு வெறும் சுவர், அதில் உள்ளங்கையை ஊன்றி ஒரு மூச்சு, அப்புறம் சாப்பாட்டு மேஜை. கைத்தடி ஒன்று இருந்தது. அதைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார், பார்ப்பவர்கள் அவரைக் கிழவன் என்று நினைத்துவிடுவார்களாம்.

ஒரே மகள், நகரத்தின் மறுகோடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். ஞாயிறு தவறாமல் வருவாள். பெருக்கித் துடைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிட்டுச் சாயந்திரம் கிளம்புவாள். அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலை. வாசலில் நிமிர்ந்து நின்று, அவள் தெருமுனை திரும்பும் வரை கை காட்டுவது. வலது கையால் காட்டுவார். இடது கை கதவு நிலைக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கை அங்கே நிலையை எப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. கால் நடுங்க நடுங்க, மனதுக்குள் எண்ணிக்கொண்டே நிற்பார். முன்பெல்லாம் அவள் முனை திரும்புவதற்குள் நூற்று நாற்பது எண்ணிவிடலாம். இந்த ஒரு வருஷமாகத் தொண்ணூறுக்கே மறைந்துவிடுகிறாள். அப்படி ஒரு ஓட்டம். சீக்கிரம் உட்காரக் கிடைத்ததே என்று கால்கள் சந்தோஷப்படும். ஆனால் 'விட்டால் போதும் என்று ஓடுகிறாளே' என்று நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அவர் முழங்காலுக்குக் கீழே கறுத்துக் கிடந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னப்பா?"

"மேஜை இடிச்சிடுச்சு."

"மேஜை நடந்து வந்து இடிச்சுதா?"

அவர் பிடி கொடுக்காமல் செய்தித்தாளைப் புரட்டினார். மகள் அதைப் பிடுங்கி மடித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கே வந்து பார்த்து யோசனை சொல்ற ஆபீஸ் ஒண்ணு இருக்குப்பா. நடக்க, எழுந்திருக்கக் கஷ்டப்படறவங்க தனியா இருக்கறதுக்கு என்னென்ன சாமான் வேணுமோ, அவங்களே ஏற்பாடு பண்ணி மாட்டியும் குடுப்பாங்க. நான் எழுதிப் போட்டிருக்கேன். வந்து பார்க்கட்டும். தனியா இருக்கலாம்னு அவங்க சொன்னா இருங்க. முடியாதுன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடுங்க. அதுக்கு மேல பேச்சு கிடையாது."

யோசனை, சாமான், ஏற்பாடு என்பதெல்லாம் அவர் காதில் விழவேயில்லை. 'வந்து பார்க்கட்டும்' என்பது மட்டும் விழுந்தது. ஒருத்தர் அட்டையும் பேனாவுமாக வந்து பார்த்தால் அதற்குப் பேர் என்ன? தேர்வு. அதில் இரண்டே முடிவு, அவருக்குத் தெரியாததா?

மகள் வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை தங்கமானவர். அதுதான் கஷ்டமே. மாமனார் கூடத்துக்குள் வந்தால் எழுந்து நிற்பார், டிவி சத்தத்தைக் குறைப்பார், "என்ன மாமா, ஏதாவது வேணுமா?" என்பார். அப்படிப்பட்ட தங்கத்தின் நடுவில் ஒரு மனிதன் எத்தனை நாள் வாழ முடியும்? அதோடு மூன்றாம் மாடி. ஏற்றிவிட்டால், அப்புறம் இறக்குவது ஒரே ஒரு தடவைதான். தன் வீட்டுச் சாவி தன் சட்டைப்பையில் இருக்க வேண்டும், தன் தேநீரைத் தான் போட்டுக் குடிக்க வேண்டும், அது ஆறிப்போனால் தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த ஆபீஸிலிருந்து ஆலோசகர் வர இன்னும் பத்து நாள் இருந்தது. திரும்பவா சார் தேர்வுக்குத் தயாரானார்.

தேர்வுக்கு வருகிறவர்களின் தில்லுமுல்லுகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. பிடித்துப் பிடித்தே கைக்கறை ஏறிப்போயிருந்த சுவர்களை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஒரு நாளைக்கு ஒரு சுவர், அதற்கு மேல் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. குளியலறையில் துண்டு போடும் கம்பி, இவர் அதைப் பிடித்துத் தொங்கித் தொங்கியே ஆட்டம் கண்டிருந்தது. அதைப் பசை வைத்து ஒட்டினார். ஒன்றரை வருஷமாக உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் முக்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கைக்கு எட்டுகிற மேஜைக்கு இறக்கி வைத்திருந்த தட்டு, டம்ளர்களை மறுபடியும் மேல் அலமாரிக்கு ஏற்றினார். எழுந்திருக்கும்போது கால் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிவதற்காகக் குளியலறைத் தரையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார். அந்தக் காலத்தில், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எங்கே வளைக்க வேண்டும் என்று தெரிய, சிலர் பின் கண்ணாடியில் இப்படித்தான் ஒரு துண்டு ஒட்டி வைத்திருப்பார்கள். "கண்ணு எதுக்கு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதை நகத்தால் சுரண்டி எடுப்பார். இன்றைக்கு அதே நகம் பிளாஸ்திரியைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டியது. ஊருக்குத்தானே உபதேசம்.

காலுறை போட அவருக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். ஆகவே முதல் நாளே போட்டுக்கொண்டு, அதோடேயே படுத்துத் தூங்கினார். காலையில் வலி மாத்திரை இரண்டு. மணி பத்து அடித்தபோது கால் இரண்டும் யாருடையவோ போல் லேசாக இருந்தன.

வந்த ஆலோசகருக்கு நாற்பது வயது இருக்கும். தட்டைச் செருப்பு, தோளில் ஒரு பை, கையில் அளவு நாடா. சிரித்த முகம். சிரித்த முகத்தோடு வருகிற தேர்வாளரை நம்பவே கூடாது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் சிரித்ததே இல்லை.

"காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணுவீங்களோ, அதை அப்படியே காட்டுறீங்களா ஐயா?"

காட்டினார். கட்டிலில் படுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே வீச்சில் எழுந்தார். நாலடி வெறும் சுவரைத் தொடாமல் நடந்தார். கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து, காலைப் பிளாஸ்திரிமேல் வைத்து, மனதுக்குள் 'கியர், கண்ணாடி, சிக்னல்' என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மண்டைக்குள் நட்சத்திரம் பறந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"உட்கார்ந்து எழுந்திருக்கறதுல சிரமம் ஏதும்..."

"சுத்தமா இல்ல."

"குளிக்கிறது?"

"நின்னுக்கிட்டேதான்."

"காலுறை போடறது?"

"அதுல என்னம்மா இருக்கு? இதோ பாருங்க, போட்டிருக்கேனே!"

அவள் கூடத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுவரை ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க ஐயா" என்றாள்.

"எனக்கு அழுக்கு ஆகாதும்மா" என்றார். இதற்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுவாளோ என்ற ஆசை.

கடைசியில் தாளைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள். இருபத்திரண்டுக்கும் முதல் கட்டத்திலேயே குறி. கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தாள். மார்க்கைப் பார்க்கிறவன் அடிக்குறிப்பையா படிப்பான்? வாசலில் நின்று வலது கையால் டாட்டா காட்டி அவளை அனுப்பி வைத்தார். தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினார். எல்லோரும் என்றால் அவர் ஒருத்தர்தான். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு! எனக்கு எதுவுமே தேவையில்லன்னு எழுதிட்டாங்க."

"ஒரு கைப்பிடிகூட வேணாம்னா எழுதினாங்க?"

"ஒரு திருகாணிகூட வேணாம்னுட்டாங்க."

"சரிப்பா" என்றாள் மகள். அவள் குரலில் சந்தோஷம் போதவில்லை என்று அவருக்குப் பட்டது.

அதற்கடுத்த புதன்கிழமை. முக்காலி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கினவன் முக்காலியில் உட்கார்ந்தா குளிப்பான்? மாத்திரையும் போடவில்லை, தேர்வுதான் முடிந்துவிட்டதே. கழிப்பறை இருக்கையிலிருந்து எழுந்திருக்கப் பழைய ஞாபகத்தில் துண்டுக் கம்பியை எட்டிப் பிடித்தார். பசை வைத்து ஒட்டிய கம்பி, தான் பசை வைத்து ஒட்டப்பட்டதுதான் என்பதை மறக்காமல், சுவர்க்காரையோடு கையோடு வந்துவிட்டது. பாதி எழுந்தவர் தொப்பென்று மறுபடி உட்கார்ந்தார். ராஜா சிம்மாசனத்தில், கையில் செங்கோல். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் தூக்கிவிட நாலு பேராவது ஓடி வருவார்கள்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மூச்சைப் பிடித்து ஆடிப் பார்த்தார். இடது கால் பிளாஸ்திரியிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. பதினொரு மணிக்குக் கூடத்தில் போன் அடித்தது. மகள் அலுவலகத்திலிருந்து தினமும் கூப்பிடுகிற நேரம். நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி. மூன்றாம் தடவை அவர் இருந்த இடத்திலிருந்தே, "நான் நல்லா இருக்கேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். கத்தின பிறகு, இதைவிட முட்டாள்தனமாக ஒருத்தன் கத்த முடியுமா என்று யோசித்தார். யோசிக்க நேரம் நிறைய இருந்தது.

பக்கத்து இருக்கையில் தானே அட்டையோடு உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டார். முன்யோசனை, சுழி. கால் கட்டுப்பாடு, சுழி. நேர்மை? அதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. பிறகு அவருக்குப் பயம் வந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் ஞாயிறு வரைக்கும் யார் வரப்போகிறார்கள்? கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டு எட்டாத தூரத்தில் கிடந்தது, அதனால் முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி சுமாருக்கு, மெல்லச் சரிந்து தரைக்கு இறங்கி, முழங்கையால் உந்தி உந்திப் படுக்கையறைக்கு ஊர்ந்து வந்தார். கட்டிலுக்கு அடியில் அந்த முக்காலி. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அதை இழுத்து, அதன்மேல் ஊன்றித்தான் ஏறினார்.

முதலில் மகளுக்குப் போன். "குளிச்சிட்டிருந்தேம்மா."

"ரெண்டு மணி நேரமா?"

"எனக்கு அழுக்கு ஆகாதுல்ல?"

போனை வைத்ததும் தாகம். தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனவர், கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தாளின் அடியில் இருந்த பொடி எழுத்து கண்ணுக்கு நேரே இருந்தது. 'எப்போது கூப்பிட்டாலும் திரும்ப வருகிறேன்.' கீழே கையெழுத்தும் எண்ணும். முப்பத்தோரு வருஷம் அவர் அறைவதுபோல் சொன்ன வார்த்தையை ஒருத்தி இப்படியும் எழுத முடிந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த எண்ணைச் சுழற்றினார். அலுவலகத்தில் யாரோ ஓர் எழுத்தர் எடுத்தார்.

"போன வாரம் எனக்குத் தேர்வு நடந்துது. அதுல நான் பாஸ்."

"சந்தோஷம் சார்."

"அதை கேன்சல் பண்ணணும்."

"புகாரா சார்?"

"ஆமா, புகார்தான்."

"யார் மேல சார்?"

"என் மேலதான்."

மறுநாளே ஆலோசகர் வந்தாள். குளியலறையில் கம்பி இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள், தரையில் பிளாஸ்திரியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவராகவே எல்லாவற்றையும் கொட்டினார், காலுறையோடு தூங்கினது வரைக்கும். அவள் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான் ஐயா. தனியா இருக்கற வீட்டுச் சுவர்ல ஒரு கைக்கறைகூட இல்லன்னா, ஒண்ணு சுவர் புதுசா இருக்கணும், இல்ல யாரோ தேய்ச்சிருக்கணும்."

"அப்ப ஏன் எழுதல? என்னைப் பிடிச்சிருக்கலாமே! நானா இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்."

"வேணாம் வேணாம்னு சொல்றவர் வீட்டுச் சுவர்ல நான் எப்படி ஓட்டை போடறது? அதோட, இது தேர்வே இல்ல ஐயா. இந்தத் தாள்ல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. மூணு கட்டத்தையும் படிச்சுப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முடியும். உதவியோடு முடியும். முடியாது.

நடுவில் இப்படி ஒரு கட்டம் இருப்பதையே அவர் பார்த்திருக்கவில்லை. அவருடைய அட்டையில் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது.

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தச்சர்கள் நேர்க்கோடு போட நூலில் பூசுகிற நீலப்பொடி.

"இன்னைக்கும் நாளைக்கும் இதை உள்ளங்கையில பூசிக்கிட்டு உங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. எங்க பிடிக்கத் தோணுதோ அங்க பிடிங்க. துடைக்காதீங்க. சனிக்கிழமை காலையில வந்து, கை எங்கெங்க போயிருக்குன்னு பார்த்து, அங்கங்க கைப்பிடி வைக்கலாம்."

அவள் தலை மறைந்ததும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. கம்மியாகப் பிடித்தால் கம்மியாகத்தானே தெரியும்? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி நடந்தார். மூன்றாம் அடியில் அலமாரியைக் கட்டிப்பிடித்தார். அலமாரி நீலமாயிற்று. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் வீடு நீலம் பாரித்துவிட்டது. கட்டில், நிலைகள், மேஜையின் நான்கு மூலைகள், நாற்காலி முதுகு, நாலடி வெறும் சுவரில் வரிசையாகப் பதினேழு உள்ளங்கைகள். இரண்டு நாளில் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாரோ, நெற்றியிலும் ஒன்று. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர் மீசையில் நீலம் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை, ஆலோசகருக்கு முன்னால் மகள் வந்து நின்றாள். புதன்கிழமைப் போன் அவளை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தவள் கூடத்தைப் பார்த்துவிட்டு அலறினாள்.

"அப்பா! யாருப்பா வீட்டுக்குள்ள வந்தது?"

"நான்தான்" என்றார் அவர், சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு.

விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லி முடிப்பதற்குள் மகள் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே கட்டிலிலிருந்து குளியலறை வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். இரண்டு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவா?" என்றாள். "இவ்வளவு இடத்துல பிடிச்சுக்கிட்டா நடக்கறீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! நான் என்ன அந்நியமா?" கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "போதும்பா. பெட்டியக் கட்டுங்க. இன்னைக்கே கிளம்பலாம்."

அந்த நேரத்தில்தான் ஆலோசகர் உள்ளே வந்தாள். நிலவரம் பார்த்த உடனே புரிந்தது. அளவு நாடாவை எடுத்து, ஒவ்வொரு நீலக் கையின் உயரத்தையும் அளந்து, பக்கத்தில் சிவப்பு வட்டம் ஒட்டிக்கொண்டே போனாள். குளியலறையில் மூன்று கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, கழிப்பறை இருக்கையை உயர்த்த ஒரு வளையம், கட்டில் கால்களுக்கு அடியில் கட்டைகள், டம்ளரை வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு தள்ளுவண்டி, காலுறை போட ஒரு வளைந்த தகடு, விழுந்தால் அழுத்தக் கழுத்தில் மாட்டும் பட்டன்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களே சொல்லுங்க மேடம். இவரால இங்க தனியா இருக்க முடியுமா?"

"ஐயாவே சொல்லட்டும்" என்றாள் ஆலோசகர். தாளை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள், பேனாவோடு.

முடியும் என்று சொல்வது அவருக்குப் பழக்கம். முடியாது என்று மற்றவர்களுக்குச் சொல்வதும் பழக்கம். நடுவில் இருந்த அந்த இரண்டு வார்த்தைகள்தான் பழக்கமில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். தேர்வு முடிவுக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கான முகங்கள் அவருக்குத் தெரியும். இந்த முகத்தை மட்டும் அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

"உதவியோட முடியும்மா," என்றார். "உதவி இல்லாம முடியல. புதன்கிழமை நான் குளிச்சுக்கிட்டு இல்ல. எழுந்திருக்க முடியாம உட்கார்ந்திருந்தேன். பயந்துட்டேன்."

பேனாவை எடுத்து நடுக் கட்டத்தில் தானே குறி போட்டார். கோடு நீண்டு அடுத்த கட்டத்தை உரசியது. அவர் காலத்தில் என்றால் அதற்கே ஒருவனைத் திரும்ப வரச் சொல்லியிருப்பார்.

மகள் அப்பா எழுதினதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஆலோசகர் கிளம்புவதற்காக வாசலுக்குப் போனவள் நின்றுவிட்டாள். கதவு நிலைக்கு உள்பக்கம், இடுப்பு உயரத்தில், வீட்டிலேயே மிக அடர்த்தியான நீலம். கைமேல் கை, கைமேல் கை என்று பதிந்து விரல்களே தெரியவில்லை.

"இங்க என்ன பண்ணுவீங்க ஐயா? ரெண்டு நாள்ல இவ்வளவு தடவையா?"

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை கை காட்டுவதற்கு இரண்டு நாளாக ஒத்திகை பார்த்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மகள் தெருவில் இறங்கி, வழக்கமாகத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் போய் நின்றாள். "அப்பா, கை காட்டுங்க" என்றாள். அவர் வலது கையைத் தூக்கினார். இடது கை, கேட்காமலே, நிலைக்குப் பின்னால் போய் நீலத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து பார்த்தால் அது தெரியவில்லை. மகள் திரும்பி வந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ ஏன் அப்படி ஓடுவே?" என்று கேட்டார். ஒரு வருஷத்து முள், அதுவாகவே வெளியே வந்துவிட்டது. "முன்னெல்லாம் நூத்தி நாப்பது எண்ணுவேன். இப்ப தொண்ணூறுலயே போயிடறே."

"எண்ணுவீங்களா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னம் நீலமாயிற்று. "நிக்கிறப்ப உங்க வாய் கோணிக்குதுப்பா. முட்டி வலிக்குதுன்னு தெரியும், உள்ள போங்கன்னா கேக்க மாட்டீங்க. நான் மறைஞ்சாதானே உட்காருவீங்க? அதுக்குத்தான் ஓடுவேன். முனை திரும்பினதும் எனக்கு மூச்சு வாங்கும்."

ஆலோசகர் அந்த இடத்திலும் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டினாள். நிலைக்கு உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம், தெருவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி.

பத்து நாளில் சாமான்கள் வந்தன. பணியாள் ஒருவர் துளைபோடும் இயந்திரத்தோடு வந்து காலை முழுக்கச் சுவர்களைத் துளைத்தார். ராஜ்யத்தில் இப்போது பதினோரு கைப்பிடிகள். திரும்பவா சார் ஒவ்வொன்றையும் தொங்கிப் பார்த்தார், ஒன்றும் கையோடு வரவில்லை. காலுறைத் தகட்டோடு அவருக்கு இன்னும் தகராறுதான். இருபது நிமிஷம் பன்னிரண்டாகக் குறைந்திருக்கிறது. தள்ளுவண்டியைப் பின்பக்கமாக எடுத்து மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் நிறுத்த முதல் வாரம் நாலு தடவை முயன்றார். நாலு தடவையும் மேஜையில் இடித்தார்.

ஞாயிறு சாயந்திரம் மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போயிட்டு வரேம்பா."

"திரும்ப வா" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

வாசலில் நின்றார். இடது கையால் புதுக் கைப்பிடியை, ஊரே பார்க்கட்டும் என்று, பிடித்துக்கொண்டார். வலது கையைத் தூக்கி எண்ண ஆரம்பித்தார். தொண்ணூறு எண்ணியபோது அவள் பாதித் தெருகூடத் தாண்டவில்லை. யாருடைய வீட்டு வாசலிலோ நின்று ஒரு பூச்செடியைப் பார்த்தாள். வாரே இல்லாத செருப்பின் வாரைக் குனிந்து சரிசெய்தாள். நூற்று நாற்பதில் திரும்பிக் கை காட்டினாள். நூற்று எண்பதில் மறுபடி திரும்பினாள். கால் நடுங்கவில்லை, அவரும் கையை இறக்கவில்லை. இருநூற்றுப் பத்தோ இருபதோ, அதற்கு மேல் கண் மங்கி எண்ணிக்கை தவறிவிட்டது. அப்படிக் கவனம் சிதறினவர்களுக்கு அவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.